சைலம், ஃபுளோயம்: காழும் உரியமும்

வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டுசெல்லும் திசுவைச் சைலம் என்றும், இலையில் உருவான சர்க்கரையைச் செடியின் மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் திசுவை ஃபுளோயம் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகேலி 1858இல் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொற்கள் இவை. சைலான் என்பது மரக்கட்டை; ஃபுளோயோஸ் என்பது மரப்பட்டை. சைலஃபோன் என்னும் இசைக்கருவியின் பெயரிலும் இருப்பது அதே சைலான்தான். திசு செய்யும் வேலையை இப்பெயர்கள் சொல்லவில்லை. மரத்தை வெட்டியவர் கண்ணில் படுவதையே சொல்கின்றன.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் சைலம் காழ் எனவும், ஃபுளோயம் உரியம் எனவும் வழங்குகின்றன. இவற்றில் காழ் மிகப் பழைய சொல். 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். வன்மை வெளிப்புறத்தில் அமைந்த பனை, மூங்கில் போன்றவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. பனந்தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் கடத்துதிசுக் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதையும், விளிம்பை நெருங்க நெருங்க நாருடன் நெருக்கமாக அடர்ந்திருப்பதையும் காணலாம். புறக்காழ் என்ற சொல் இந்த அமைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. 'களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்ற குறளிலும் காழ்த்தல் என்பது முற்றி வன்மை பெறுதலையே குறிக்கிறது.

இங்கே ஒரு தடை எழுகிறது. கோத்தகிரிப் பக்கம் வெட்டிய சீகை மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால், நடுவே நிறம் கூடிய வைரக்கட்டையும் அதைச் சுற்றி வெளிறிய சாற்றுக்கட்டையும் தெரியும். இரண்டும் சைலம்தான் என்றாலும், நீர் ஏறுவது வெளிறிய பகுதியில் மட்டுமே. காழ் என்றதும் நினைவுக்கு வரும் வைரமோ, நீர் கடத்தும் பணியை விட்டுவிட்ட பழைய சைலம். எனவே காழ் என்பதைத் திசுவின் பெயராகக் கொள்வோர், வைரத்தை வைரக்கட்டை என்றே தனித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வார்.

வன்மையே இல்லாத சைலமும் உண்டு. ஊட்டி கேரட் ஒன்றைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் வெளிறிய வட்டமும், அதைச் சூழ்ந்து நிறம் மிகுந்த தடித்த வளையமும் இருக்கும். நடுவட்டம் சைலம், சூழ்ந்த வளையம் பெரும்பாலும் ஃபுளோயம். இலையில் உருவான சர்க்கரை ஃபுளோயத்தின் வழியே இறங்கி இந்தக் கிழங்கில் சேர்கிறது. அறுவடை செய்யாமல் விட்டு, செடி பூத்தண்டு விட்டபின் பிடுங்கிய கேரட்டில் நடுவட்டம் கட்டையாகிக் கத்திக்கு வளைந்து கொடுக்காது. மென்மையாக இருந்த சைலம் அப்போது காழ்த்துவிட்டது என்று சொன்னால் பிழையில்லை.

உரியம் என்ற சொல் உரி என்பதிலிருந்து வந்தது. உரித்தெடுக்கப்படும் தோலும் பட்டையும் உரி. உரி என்று நிறுத்தாமல் அம் விகுதி சேர்த்து உரியம் என்றது நல்ல செயல், ஏனெனில் பட்டை முழுவதும் ஃபுளோயம் அன்று. நீலகிரியில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸின் பட்டை நீள நீளமாகக் கிழிந்து தொங்குகிறது, அதனால் மரத்துக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை. அங்கே உதிர்வது இறந்த வெளிப்பட்டை. உயிருள்ள ஃபுளோயம் கட்டையை ஒட்டி உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதே மரத்தில் கட்டை தெரியும் அளவுக்குப் பட்டையை வளையமாக வெட்டி எடுத்தால் நிலைமை வேறு. சைலம் அறுபடாததால் நீர் தொடர்ந்து ஏறும், இலைகள் பல நாள் பசுமையாகவே நிற்கும். கீழிறங்க வழியற்ற சர்க்கரை தேங்கி, வளையத்துக்கு மேல்விளிம்பு பருக்கும். உணவு கிடைக்காத வேர், கீழே புதுத்தளிர் விட்டு அதற்கு ஊட்டினாலன்றி, மெல்ல மடியும். இத்தாலியரான மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே இச்சோதனையைச் செய்து பார்த்தார். ஃபுளோயம் என்ற பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் இருந்தன.

நீர் செல்லும் சைலக்குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை, அறுபடாத நீர்த்தம்பத்தை வேரிலிருந்து இழுக்கிறது என்று அயர்லாந்து அறிவியலாளர்களான டிக்சனும் ஜாலியும் 1894இல் விளக்கினர். உறைபனி கொட்டும் ஜனவரி இரவில் குழாய்க்குள் நீர் உறைந்தால், அதில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரிந்து, பனி உருகும்போது இந்தத் தம்பத்தை அறுத்துவிடக்கூடும். ஃபுளோயத்தின் குழாய்களோ உயிருள்ளவை. அவற்றைத் தமிழ்நாட்டில் சல்லடைக்குழாய் என்றும் இலங்கையில் நெய்யரிக்குழாய் என்றும் சொல்கிறோம். நெய்யரி என்பது நெய் வடிகட்டும் அரிப்பு. குறுக்குச் சுவர்களில் துளைகள் நிறைந்திருப்பதால் இரண்டும் சரியான பெயர்களே. நெய்யரி இன்று தமிழ்நாட்டு மாணவர்க்குப் பழக்கமில்லாத சொல்லாதலால், இங்குள்ள வகுப்பறைக்குக் காழ், உரியம், சல்லடைக்குழாய் என்ற மூன்றையும் சேர்த்துக் கொள்ளலாம் என்பது என் கருத்து. சைலமும் ஃபுளோயமும் தேர்வுத்தாளில் வருவதால் அவற்றையும் உடன் கற்பிக்க வேண்டும்.