டார்க் கன்வெர்ட்டர்: முறுக்குமாற்றி

தானியங்கி கியர்பெட்டி உள்ள சொகுசு எஸ்யூவி ஒன்று, 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, சாலையின் குறுக்கே அடுத்தடுத்துப் போட்ட தடித்த வெள்ளைக் கோடுகளின்மேல் ஏறியதுபோல் ஓரிரு நொடி நடுங்கி அடங்குகிறது. பணிமனையில், "கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். உரிமையாளர் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நினைத்துக்கொண்டால் அவர்மேல் தவறில்லை. அது கழிவுப்புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி. இங்கே சொல்லப்படுவதோ, கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்ச் இருக்கும் இடத்தில், என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே அமர்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர்.

'டார்க்' என்பதன் வேர் 'டார்குவேரே' என்னும் இலத்தீன் வினை. முறுக்குதல், திருகுதல் என்று பொருள். பொன்னை முறுக்கிச் செய்த கழுத்தணியை உரோமர் இதே வேரிலிருந்து 'டார்குவிஸ்' என்றனர். ஒரு விசை பொருளைச் சுழற்றும் அளவைக் குறிக்கும் பொறியியல் சொல்லாக இதை 1884-இல் முன்மொழிந்தவர், இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணனான ஜேம்ஸ் தாம்சன். தமிழில் கயிறும் மீசையும் பலகாரமும் ஏற்கும் 'முறுக்கு' இந்த வேர்ப்பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. பலகாரம் நினைவுக்கு வந்துவிடுமே என்று தயங்கித்தான் 'முறுக்குவிசை' என்று நீட்டினார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆனால் விசையின் அலகு நியூட்டன்; டார்க்கின் அலகு நியூட்டன் மீட்டர். ஆகவே அந்த ஒட்டு தேவையற்றது மட்டுமன்று, பிழையுமாகும். பாடநூல்களின் 'திருப்பு விசை'க்கும் இதே குறை உண்டு.

'கன்வெர்ட்டர்' என்பதற்கு 'மாற்றி' மிகச் சரியான சொல். மின்மாற்றி மின்னோட்டத்தைக் குறைத்து மின்னழுத்தத்தைக் கூட்டுவதுபோல, இந்தக் கருவி சுழல்வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டுகிறது. இரண்டுமே புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. 'பெருக்கி' என்று சொல்லலாமே எனக் கேட்போர் உண்டு. வண்டி வேகம் எடுத்தபின் பெருக்கம் நின்றுவிடுவதால் அப்பெயர் பாதி நேரம் பொய்யாகும். எனவே 'மின்மாற்றி'யின் வார்ப்பில் 'முறுக்குமாற்றி' என்பதே என் தேர்வு.

இதைக் கண்டறிந்த ஹெர்மான் ஃபொட்டிங்கர் கார்ப் பொறியாளர் அல்லர். அன்று ஜெர்மனியில் இருந்த ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய அவர், விரைந்து சுழலும் நீராவிச் சுழலியை மெல்லச் சுழல வேண்டிய கப்பல் உந்தியோடு இணைப்பதற்காக 1905-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். உள்ளே மூன்று இதழ்ச் சக்கரங்கள்: என்ஜினோடு சுழலும் பம்ப் எண்ணெயை வீசுகிறது, கியர்பெட்டியோடு இணைந்த டர்பைன் அந்த வீச்சில் சுழல்கிறது, நடுவிலுள்ள ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயின் திசையைத் திருத்தி அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது முறுக்கு ஏறத்தாழ இருமடங்காவது ஸ்டேட்டரால்தான். ஓட்டம் சீரானதும், எண்ணெயில் ஏற்படும் வழுக்கலைத் தவிர்க்க 'லாக்-அப் கிளட்ச்' பம்பையும் டர்பைனையும் பற்றிக்கொள்கிறது. இதைப் 'பூட்டுக் கிளட்ச்' எனலாம்.

தொடக்கத்தில் சொன்ன நடுக்கம் பெரும்பாலும் இந்தப் பூட்டு சரியாகப் பற்றாமல் பற்றிப் பற்றி விடுவதால் வருவது. நடுங்கும் வேளையில் ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை இலேசாகத் தொட்டால், பல வண்டிகளில் பூட்டு விடுபடும். அப்போது நடுக்கம் நின்றால் ஐயம் முறுக்குமாற்றியின்மேல் விழும். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் கியர்பெட்டியைத் தொட வேண்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் என்ஜினின் சுற்றுவேகமும் டர்பைனின் சுற்றுவேகமும் பூட்டிய நிலையிலும் ஒட்டாமல் ஏறி இறங்குவதும், பூட்டுக் கிளட்ச் சரியாக இயங்கவில்லை என்பதைக் காட்டும் பி0741 என்னும் பிழைக்குறி பதிவாகியிருப்பதும் இந்த ஐயத்துக்கு வலுச்சேர்க்கும்.

இங்கே இன்னொரு சொல்லும் வழிதவற வைக்கிறது: கியர்பெட்டி எண்ணெயைக் குறிக்கும் 'லைஃப்டைம் ஆயில்'. ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்றே வண்டி வாங்குவோர் அதற்குப் பொருள்கொள்கின்றனர். ஆனால் பல சொகுசு எஸ்யூவிகளுக்கு எட்டு கியர்ப் பெட்டியைச் செய்துதரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நாட்பட்ட எண்ணெயும் பூட்டின் பிடியைக் கெடுக்கும் என்பதால் முதல் வைத்தியம், உரிய தர எண்ணெயும் புதிய ஃபில்டரும்தான். இந்த இசட்எஃப் பெட்டியில், என்ஜின் ஓட, எண்ணெய் 30 முதல் 50 பாகை செல்சியசில் இருக்கும்போது அளவு பார்த்து நிரப்ப வேண்டும். அதன்பின்னும் நடுங்கினால் கியர்பெட்டியை இறக்கி முறுக்குமாற்றியை மாற்றுவதே வழி. அப்போது, தேய்ந்த துகள்கள் தங்கிய, எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களையும் கழுவாமல் விட்டால் அதே துகள்கள் புதிய முறுக்குமாற்றிக்குள்ளும் போய்ச் சேரும்.