ரவுண்டானா ஏன் பூட்டிக்கொள்கிறது?

ஈரோட்டில் அரசு மருத்துவமனை அருகே இருக்கும் ரவுண்டானாவை மாலை நேரத்தில் கால் மணி நேரம் ஓரமாக நின்று கவனித்தால், போக்குவரத்துப் பொறியியலின் ஒரு முழுப் பாடத்தைக் கண்ணாலேயே படித்துவிடலாம். பெருந்துறை சாலைப் பக்கமிருந்து வரும் டவுன் பஸ் வேகத்தைக் குறைக்காமல் முகப்பை உள்ளே நுழைக்கிறது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த மஞ்சள் மூட்டை லாரி பிரேக் போட்டு நிற்கிறது. அதன் பின்னால் வந்த காரும் நிற்க, காருக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த இரண்டு முழ இடத்தில் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று செருகிக்கொள்கிறது. அடுத்த அரை நிமிடத்தில், மேட்டூர் சாலைப் பக்கம் வெளியேற வேண்டியவர்கள் அந்தச் சாலை காலியாகக் கண்ணெதிரே கிடந்தும் அதை எட்ட முடியாமல் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வண்டிகள் அதிகம் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால், அதே எண்ணிக்கையிலான வண்டிகள் அதே வளையத்தை நிற்காமல் கடந்துபோகவும் முடியும். யார் யாருக்காக நிற்கிறார்கள் என்ற வரிசை தலைகீழாக மாறியதுதான் இந்தப் பூட்டுக்குக் காரணம்.

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் செல்வதால், ரவுண்டானாவை நாம் கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது கோயிலில் வலம் வருவதைப் போலவே சுற்றுகிறோம். நடுத்திட்டு எப்போதும் நம் வலக்கைப் பக்கமே இருக்கும். இதிலிருந்து முக்கியமான ஒரு விளைவு பிறக்கிறது. நுழைவாயிலில் நிற்கும் ஓட்டுநருக்கு வளையத்துக்குள் சுற்றும் வண்டிகள் எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வரும். எனவே அவர் ஒரே பக்கம் பார்த்தால் போதும், ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டால் போதும்: வலப்பக்கம் இடைவெளி இருக்கிறதா, இல்லையா? நான்கு திசையையும் ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டிய சாதாரண நாற்சந்தியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு எளிய வேலை என்பது விளங்கும்.

இந்த எளிய வேலையைக் கண்டுகொள்ள உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-லும், பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் 1907-லும் வண்டிகளை ஒரே திசையில் சுற்றவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால் உள்ளே வருபவர், உள்ளே இருப்பவர் ஆகிய இருவரில் யாருக்கு முதல் வழி என்பது பல நாடுகளில் நெடுங்காலம் தெளிவாகவில்லை. நெரிசல் கூடியபோதெல்லாம் வளையங்கள் பூட்டிக்கொண்டன. வளையத்தைப் பெரிதாகக் கட்டினால் சரியாகும் என்று நம்பி அவற்றை மேலும் மேலும் அகலமாக்கிப் பார்த்தார்கள். பிரிட்டனில் ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் நடத்திய சோதனைகளுக்குப் பின்னர், நுழைபவர் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி 1966 நவம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பெரிய வளையம் தேவைப்படாத இடங்களில் மிகச் சிறிய ரவுண்டானாக்களே போதுமானவையாகிவிட்டன.

இந்தியாவிலும் 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், முதன்மைச் சாலை என்று குறிக்கப்படாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ரவுண்டானாவுக்குள் இருக்கும் வண்டிக்கே வழியுரிமை என்று நேரடியாகக் கூறுகின்றன. விதி இருக்கிறது, ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக அதை மனப்பாடமும் செய்கிறோம். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. அந்தக் காரணம் தெரியாதவரை, விதி என்பது விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை என்றே நமக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்.

காரணத்தை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். நான்கு சாலைகள் சேரும், ஒரே தடம் கொண்ட ஒரு ரவுண்டானாவை எடுத்துக்கொள்வோம். வண்டிகள் ஓடும் தடத்தின் ஆரம் 19 மீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 120 மீட்டர். ஒரு வண்டிக்கு முன்பின் இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தால் அந்த வளையம் 20 வண்டிகளைத்தான் கொள்ளும். நான்கு சாலைகளிலிருந்தும் மணிக்கு 1,800 வண்டிகள் வருகின்றன என்று வைப்போம். அதாவது இரண்டு வினாடிக்கு ஒன்று. ஒவ்வொரு வண்டியும் வளையத்துக்குள் சராசரியாக 12 வினாடி இருந்து வெளியேறினால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே 6 வண்டிகளே இருக்கும். பாதிக்கும் மேல் காலியாக இருக்கும் வளையம் அது. இப்போது உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொரு நுழைவாயிலிலும் நின்று நின்று போக வேண்டியதாகி, உள்ளிருக்கும் நேரம் 12 வினாடியிலிருந்து 40 வினாடியாக உயர்கிறது என்று கொள்வோம். வரும் வண்டிகள் கூடவில்லை, அதே 1,800-தான். ஆனால் இரண்டு வினாடிக்கு ஒன்று வீதம் 40 வினாடியில் சேர்வது 20 வண்டிகள். வளையம் நிரம்பிவிட்டது.

நிரம்புவதோடு இது நிற்பதில்லை. வட்டமான பாதையில் வரிசை பின்னோக்கி வளர்ந்தால் அது போய்ச் சேருமிடம் தன் தலையே. கிழக்கு நுழைவாயிலில் வருபவருக்காக உள்ளே ஒருவர் நின்றால், அவருக்குப் பின்னால் சேரும் வரிசை அதற்கு முந்தைய வெளியேறும் வாயிலை மறைக்கிறது. அந்த வாயிலில் வெளியேற வேண்டியவர்களும் இப்போது வரிசையில் சிக்கிவிட்டார்கள். அவர்களால் வரிசை இன்னும் நீண்டு, அதற்கும் முந்தைய வாயிலை மறைக்கிறது. நான்காவது வாயிலும் மறைந்ததும், முதலாமவர் யாருக்காக நின்றாரோ அவரும் இதே வரிசையின் வாலில் மாட்டி நிற்கிறார். யாரும் நகர முடியாது, யாரும் பின்வாங்கவும் முடியாது. வெளியே இருப்பவர் காத்திருக்கும்போது இந்த நிலை எழுவதில்லை, ஏனென்றால் அவருடைய வரிசை நேரான சாலையில் பின்னோக்கி நீள்கிறது. எவ்வளவு நீண்டாலும் அது வளையத்தின் வெளியேறும் வாயிலை மறைப்பதில்லை. உள்ளே இருப்பவருக்கு வழி என்ற விதியின் முழு நியாயமும் இந்த ஒரு வடிவியல் உண்மையில் அடங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட எல்லோருக்கும் மனம் இருந்தும், பூட்டிக்கொண்ட வளையத்தில் நகர ஓர் அடி இடமிருக்காது என்பதை நினைத்தால், இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சு அல்ல என்பது புரியும்.

வெளியேறும் வாயிலை மறைக்கும் வேலையை நுழைபவர் மட்டுமே செய்வதில்லை. ரவுண்டானாவைத் தாண்டியதும் உடனே நிறுத்தி ஆள் ஏற்றும் பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும், பேக்கரி வாசலில் இரண்டு நிமிடம் என்று நிறுத்திவைத்த கார்களும் அதையே செய்கின்றன. மேலே சொன்ன வளையத்தில் கால் பங்கு வண்டிகள் அந்த வாயிலில் வெளியேறுபவை என்றால், எட்டு வினாடிக்கு ஒன்று வந்து சேரும். ஒரு பஸ் அரை நிமிடம் நின்றால் நான்கு வண்டிகள், 24 மீட்டர். இரண்டு வாயில்களுக்கு இடைப்பட்ட தூரமே 30 மீட்டர்தான். ஒரே தடம் என்பதால் நேரே போகிறவர்களும் அந்த நான்கின் பின்னால் சேர்ந்து நிற்பார்கள். ரவுண்டானாவைச் சீர்செய்யும்போது எந்த ஊரிலும் முதலில் கைவைக்க வேண்டியது வெளியேறும் வாயிலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

இனி, இடைவெளி. நுழைவாயிலில் காத்திருக்கும் கார் ஓட்டுநர் பொதுவாக வலப்பக்கம் நான்கு முதல் ஐந்து வினாடி இடைவெளி இருந்தால் உள்ளே நுழைகிறார். நீண்ட இடைவெளியாக இருந்தால் அவருக்குப் பின்னால் நிற்பவர் ஏறக்குறைய மூன்று வினாடியில் தொடர்ந்து நுழைகிறார். ஒரு ரவுண்டானாவின் கொள்ளளவை இந்த இரண்டு எண்களை வைத்தே பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். இண்டிகேட்டரின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. உள்ளே வரும் வண்டி எனக்கு முந்தைய வாயிலிலேயே வெளியேறப்போகிறது என்றால், அது எனக்கு ஒரு முழு இடைவெளி. இடது இண்டிகேட்டர் போட்டிருந்தால் அதை நான் முன்கூட்டியே அறிந்து நகரலாம். போடவில்லை என்றால் அது திரும்பி முடிக்கும்வரை காத்திருந்து, கிடைத்த இடைவெளியில் பாதியை இழந்துவிடுவேன். வெளியேற வேண்டிய வாயிலுக்கு முந்தைய வாயிலைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போடுவது என்ற சிறு பழக்கம், செங்கல் சிமெண்டு எதுவும் இல்லாமல் சந்திப்பின் கொள்ளளவைக் கூட்டுகிறது. அதற்கு மாறாக, தூரத்திலிருந்தே ஹெட்லைட்டை அடித்து ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அறிவிக்கும் நம் வழக்கம், வலப்பக்கம் பார்த்துக் கணக்கிட வேண்டிய ஓட்டுநரைத் திடுக்கிட்டு நடுவளையத்தில் நிற்கச் செய்கிறது.

பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். முன்கண்ணாடியின் வலது ஓரத் தூண் அவர் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள தூண், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், 20 மீட்டருக்கு அப்பால் அது மறைக்கும் அகலம் ஏறக்குறைய மூன்று மீட்டர். ஒரு பைக்கின் நீளமே இரண்டு மீட்டர்தான். வளையத்தில் சுற்றிவரும் பைக்கும் நுழைவாயிலை நெருங்கும் காரும் ஒத்த வேகத்தில் நகர்ந்தால், அந்தப் பைக் பல வினாடிகள் தூணின் பின்னாலேயே மறைந்து வர வாய்ப்புண்டு. ‘வண்டி எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை’ என்று விபத்துக்குப் பின் சொல்பவர் பல நேரங்களில் உண்மையைத்தான் சொல்கிறார். தலையை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதே இதற்கு மாற்று. முழு வட்டம் சுற்றச் சலித்து எதிர்த்திசையில், அதாவது இடம் வந்து, வலப்பக்கச் சாலைக்குள் நுழையும் பைக்குக்கோ இந்தப் பாதுகாப்பும் இல்லை; அந்தத் திசையில் யாருடைய கண்ணும் இருக்காது.

நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிகளின் ஊர்கள் என்பதால், நம் பக்கத்து ரவுண்டானாவில் பின்சக்கரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளைவில் திரும்பும் வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்புறமாக விலகியே வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர் உள்ள லாரி, முன்பக்கம் 15 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்பக்கம் ஏறக்குறைய 13.75 மீட்டர் ஆரத்தில் வரும். அதாவது ஒன்றேகால் மீட்டர் உள்வாங்கும். சுற்றும்போது இந்த விலகல் நடுத்திட்டின் பக்கம். வெளியேறுவதற்காக லாரி இடப்பக்கம் ஒடிக்கும்போது அது இடது ஓரத்தின் பக்கம். அந்த ஓரத்தில் லாரியை ஒட்டி நேரே போக நினைக்கும் மொபெட்டுக்கு முன்பகுதி விலகியே போவதாகத் தெரியும். பின்சக்கரம் நெருங்குவது கடைசி நொடியில்தான் தெரியும்.

இத்தனை சிக்கல்களுக்கு நடுவிலும் ரவுண்டானா காப்பாற்றும் அமைப்பு என்பதில் ஐயமில்லை. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே, அவற்றில் ஒன்றுகூடக் குறுக்கே வெட்டுவது அல்ல. வேகமும் குறைகிறது, மணிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கும் இயக்க ஆற்றலில் 30-இல் கால் பங்கே மிஞ்சும். அமெரிக்காவில் ரவுண்டானாவாக மாற்றப்பட்ட 24 சந்திப்புகளை ஆராய்ந்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தன. எல்லை ஒன்றும் உண்டு: எல்லாச் சாலைகளும் சேர்ந்து மணிக்கு 3,000 வண்டிகள் அளவுக்கே ரவுண்டானா பொருத்தம் என்று இந்தியச் சாலைப் பேரவையின் 1976-ஆம் ஆண்டு வழிகாட்டி கொண்டது. அதற்கு மேல் சிக்னலோ மேம்பாலமோ வேண்டும்.

சங்ககிரியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. “நிறுத்தினா மறுபடியும் ஒண்ணாங் கியர்ல இருந்து எடுக்கோணுமுங்க, லோடு வண்டிக்கு அதுதானுங்க கஷ்டம்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 16 டன் எடையை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மீண்டும் கொண்டுவர ஏறக்குறைய 20 மில்லி டீசல் போதும். பூட்டிய வளையத்தில் என்ஜின் ஓடியபடி ஐந்து நிமிடம் நின்றால் அதைப் போலப் பல மடங்கு எரியும். அதைவிட முக்கியமாக, விதி வழிவிடத்தான் சொல்கிறது, நிற்கச் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாவது கியரில் உருண்டு வந்து, இடைவெளி கிடைக்கும் நேரத்துக்கு நுழைவாயிலை அடையும் வண்டி பெரும்பாலும் நிற்கவே வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வண்டியை ஓட்டுபவருக்கு அந்த அளவு என் கணக்கைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அவரோடு போனபோது பெருந்துறைப் பக்கமிருந்து அப்படித்தான் உருண்டு வந்தார். வலப்பக்கமிருந்து வந்த இரண்டு பைக்குகளையும் ஒரு மினி பஸ்ஸையும் போகவிட்டு, சக்கரம் முழுதாக நிற்பதற்குள் உள்ளே நுழைந்து, மூன்றாவது வாயிலுக்கு முன்பு இடது இண்டிகேட்டரைப் போட்டார்.