"தப்பா எதுவும் நடக்கலை மேடம்"

தம்பதிகளுக்கான ஆலோசனையில், ஒருவருக்கு வெளியாளோடு ஏற்பட்ட மனநெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பல நேரம் அது உண்மைதான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பார். அந்த உடைவு எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுமையாகக் காட்டிய ஜப்பானியத் தொடர் ஒன்று உண்டு: 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை புஜி தொலைக்காட்சியில் வந்த 'அனத்தா கா ஷிதே குரேனாக்குதேமோ'.

மிச்சிக்குக் கல்யாணமாகி 5 வருடம். கணவர் யோய்ச்சியோடு பெரிய சண்டை இல்லை. ஆனால் 2 வருடமாக அவர்களுக்குள் தாம்பத்திய உறவும் இல்லை. பேச்செடுத்தாலே அவர் நழுவிவிடுவார். ஒருநாள் குடித்திருந்தபோது, அலுவலகத்தில் தனக்கு மூத்தவரான மக்கோத்தோவிடம் மிச்சி இதைச் சொல்லிவிடுகிறாள். தன் வீட்டிலும் அதே நிலைதான் என்கிறார் அவர். அங்கே விலகி நிற்பது மனைவி கயேதே. பத்திரிகை வேலையில் மூழ்கியிருப்பவர். சமைத்து வைத்துக் காத்திருப்பது கணவர்.

இது இரண்டு வீட்டுக் கதை மட்டுமில்லை. ஜப்பான் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் கணக்கெடுப்பில், ஒரு மாதமோ அதற்கு மேலோ உறவு இல்லாத தம்பதிகள் 2004-இல் 31.9 சதவீதம். 2016-இல் 47.2 சதவீதம்.

அந்த நாட்டின் குடிமைச் சட்டம், 770-வது பிரிவில், துணைக்குச் செய்யும் துரோகத்தை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் துரோகம் என்பதைப் பெரும்பாலும் உடலுறவாகவே எடுத்துக்கொள்கின்றன. என் அறைக்கு வருபவர்களின் வலி இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. "என்கிட்ட சொல்லாததை அவங்ககிட்ட எப்படிச் சொன்னே?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

என்னைக் கேட்டால், வெளியே ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது தவறே இல்லை. பேசிய பிறகு, வீட்டில் இதைப் பேச வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றுகிறதா? அங்கேதான் கவனம் வேண்டும். அந்த நட்பு ஆறுதல் தருகிறது, வீட்டுப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. அப்புறம் அலைபேசியில் உரையாடலை அழிக்கத் தொடங்குகிறார்கள். அழிக்கத் தோன்றும் அந்த நிமிடமே போதுமான எச்சரிக்கை.

விலகி நிற்பவரைக் குற்றவாளியாக்குவதும் உதவாது. சர்க்கரை நோய், மனச்சோர்வு, அதற்கான சில மருந்துகள், பிரசவத்துக்குப் பிந்தைய வலி எல்லாமே ஆசையைக் குறைக்கும். அதனால் முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன். மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் அவரே மாற்றித் தருவார், நாமாக நிறுத்தக் கூடாது. அடுத்த முறை இருவரும் சேர்ந்து வரும்போது, வெளியாளிடம் சொன்ன அதே விஷயத்தைத் துணையிடம் நேராகச் சொல்ல வைப்பேன். கேட்பவர் நடுவில் பதில் சொல்லக் கூடாது.