தகரம் அடித்த தெருவும் சாத்திய ஜன்னலும்

ஊட்டியில் வீடு பார்க்க வருகிறவர்கள் இன்னமும் கேட்கிறார்கள்: "அந்தத் தெருவா சார்? கொரோனா சமயத்துல தகரம் அடிச்சு வெச்சிருந்தாங்களே!" 2020ல் அடித்த தகரத்தை எப்போதோ பிரித்துவிட்டார்கள். தெருவுக்கு வந்த கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, கட்டி முடியும்வரை கூட நிற்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. எந்தத் தெரு என்று எழுதமாட்டேன். எழுதினால் அந்தப் பெயருக்கு இன்னும் ஆயுள் கூடும்.

வீடுகள் நெருக்கமாக இருப்பது வேறு, ஒரு அறைக்குள் ஆட்கள் நெருக்கியடிப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொண்டோம். மலைச்சரிவில் சமதளம் குறைவு. கீழ்வீட்டுக் கூரையின் உயரத்தில் மேல்வீட்டு வாசல் இருக்கும், நடுவே ஒரு படிக்கட்டுச் சந்து போகும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே நெரிசல்தான். ஆனால் இந்த நோய் அடைபட்ட அறையின் காற்றில் தங்கிப் பரவும் என்பதை 2021ல் உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு விருந்து வைத்த பெரிய பங்களாவிலும் அது பரவும். திறந்த படிக்கட்டில் நின்று பேசுவதில் அதைவிட ஆபத்து குறைவு. நாம் பயந்து ஒதுங்கியது என்னவோ படிக்கட்டைப் பார்த்துத்தான்.

மலைவீட்டின் உண்மையான சிக்கல் குளிர். ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பழுது பார்க்கப் போயிருந்தேன். ஒரே அறை, அதை ஒட்டி ஒரு அடுப்படி. ஜன்னல் சட்டத்தில் பாலிதீன் ஷீட்டை ஆணி அடித்து, இடுக்கில் சாக்குத் துணியைத் திணித்திருந்தார்கள். கூரைக்குக் கீழே இருந்த வென்டிலேட்டரையும் சிமெண்டு வைத்துப் பூசியாயிற்று. சுவரில் ஈரம் முத்துமுத்தாக நின்றது. "ஜன்னலத் திறந்தா பிள்ளைக்குச் சளி புடிக்குது சார்" என்றார் அந்த அம்மா. அவர் சொல்வதில் தப்பில்லை, ஜனவரிக் குளிர் அப்படி. ஆனால் அந்த அறையில் ஒருவர் இருமினால் எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். அங்கே ஒருவரைத் தனிமைப்படுத்து என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. இதில் கரி அடுப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மூடிய அறைக்குள் கரி போட்டுத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்த செய்தி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

மேல் வென்டிலேட்டரை மட்டுமாவது பூசாமல் விடுங்கள். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே வெளியேறும், படுத்திருப்பவர் மேல் நேராகக் குளிர் அடிக்காது. எதிர்ச் சுவரில் கீழே சின்னதாக ஒரு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. இதற்குப் பெரிய செலவு கிடையாது, கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தெருவுக்கு வருவோம். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தபோது சீசன் தொடங்கும் நேரம். அந்த மே மாதம் மலர்க் கண்காட்சியே நடக்கவில்லை. வருமானம் அடியோடு போனது. ஆனாலும் வண்டிச் சத்தமில்லாத சொந்த ஊரைப் பலரும் அப்போதுதான் பார்த்தார்கள். கடனுக்குச் சாமான் கொடுத்த முக்குக் கடையும், படிக்கட்டில் பாத்திரம் வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டாரும்தான் பல குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். நோய்க்காக வந்த இ-பாஸ், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வாகன நெரிசலுக்காக மறுபடி வந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கடைக்காரர்களும் காட்டேஜ் வைத்திருப்பவர்களும் எதிர்த்தார்கள், அவர்கள் கஷ்டமும் நிஜம். இருந்தாலும் சாலையோரத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் அந்த வரம்பின் பக்கம்தான்.

சமவெளிக்காரர்கள் கண்ணில் மலை வேறு மாதிரி தெரிந்தது. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியை உருவாக்கிய காலத்திலிருந்தே இது வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த இடம்தானே! கொரோனாவுக்குப் பின் அந்த எண்ணம் புதிதாகத் துளிர்த்தது. வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு கூட்டம் மேலே வந்து இடம் வாங்கியது. என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது உயரமான காம்பவுண்டு சுவரும் கேட்டும். அவை பல இடங்களில் காலங்காலமாக நடந்த பாதையை மறித்துவிடுகின்றன.

மலையில் இடம் வாங்கினால், சுவர் எழுப்பும் முன் புலப்பட (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடம்) நகலை எடுத்துப் பாருங்கள், மேல்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதை இருந்தால் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். சரிவின் மேலே இருக்கும் வீடுகளிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளியை இறக்குவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு வழிதான் இருக்கும்.