சுருண்ட நரம்பை யாரிடம் காட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் கோயில் வரிசையில் நிற்கும் அக்காமார், பாட்டிமார் கால்களைப் பார்த்தாலே தெரியும். முழங்காலுக்குக் கீழே தடித்துச் சுருண்ட நரம்பு, கணுக்காலைச் சுற்றிக் கறுத்துப்போன தோல், சிலருக்கு மாதக்கணக்கில் ஆறாத புண். "நின்னு நின்னு வந்ததுதானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்துகிறார்கள். ஒருநாள் முகநூலில் "லேசர், வலியில்லை, உடனே வீடு திரும்பலாம்" என்று விளம்பரம் வந்ததும் சேமிப்பை எடுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறார்கள். போகும் முன் காலுக்குள் எது கெட்டது என்று தெரிந்துகொண்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரை எடைபோடவும் தெரிந்துவிடும்.

பாதத்துக்கு இறங்கிய இரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டும். நிற்கும்போது அதை ஏற்றிவிடும் முக்கிய வேலை கெண்டைக்கால் தசைக்கு. நடக்கையில் தசை இறுகி, ஆழத்தில் ஓடும் சிரைகளை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்; நாம் 'நரம்பு' என்று சொல்வது இவற்றைத்தான்) பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை தளரும் நொடியில் ஏறியது இறங்கிவிடாமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். மெல்லிய இரண்டு இதழ்கள். கிணற்றுப் பம்பின் அடிவால்வு போல மேலே விடும், கீழே விடாது. ஆடாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கினால், வால்வு நன்றாக இருக்கும் காலில் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய அம்மாவைவிட, தொழிற்சாலையில் ஒரே இடத்தில் ஷிப்ட் முழுக்க நிற்கும் மகளின் கால் சீக்கிரம் கனத்துப்போகலாம். குடும்பவழி, பிள்ளைப்பேறு, வயது, உடல் எடை எல்லாம் இதோடு சேரும்.

வால்வு வேலை செய்வதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் செய்து காட்டிய சோதனை இது. முழங்கைக்கு மேலே ஒரு துணியை இலேசாகக் கட்டுங்கள். முன்கை நரம்பு புடைக்கும், அங்கங்கே சிறு முடிச்சு தெரியும். வால்வு இருக்கும் இடங்கள் அவை. நரம்பின் மேல் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். இடைப்பட்ட நரம்பு வெறுமையாகிவிடும். மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும்.

காலில் இந்த இதழ்கள் சேர்ந்து மூடாமல் போனால் இரத்தம் பின்னோக்கி ஒழுகி, தோலுக்கடியில் உள்ள கிளைகளை ஊதவைக்கிறது. ஒழுகல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் முடிச்சில் இல்லை. கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை ஓடும் பெரிய சஃபீனஸ் சிரையில், பல சமயம் அது ஆழ்சிரையோடு சேரும் தொடை இடுக்கிலேயே இருக்கும். முடிச்சுக்கு மட்டும் ஊசி போட்டு மறைத்தால் மேலிருந்து வரும் அழுத்தம் வேறு கிளையைப் புடைக்கவைக்கும். காசும் போய், கால் பழையபடி ஆகிவிடும்.

ஆகவே டாக்டரின் தரத்தை நான் முதலில் பார்ப்பது ஸ்கேனில்தான். சிரையையும் அதில் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்காமல் விலை பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஸ்கேனை உங்களை நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். படுத்தால் ஒழுகல் சரியாகத் தெரியாது. உடல் பாரத்தை ஒரு காலில் போட்டு, மறுகாலைத் தளர்த்தச் சொல்வார்கள். தொடையில் கருவியை வைத்துக் கெண்டைக்காலைப் பிழிவார்கள். திரையில் ஒரு நிறம் பாயும். கையை விட்டதும் எதிர்நிறம் தோன்றி அரை நொடிக்கு மேல் நின்றால் வால்வு ஒழுகுகிறது என்று பொருள். ஆழ்சிரையையும் பார்த்தாரா என்று கேளுங்கள். அங்கே பழைய இரத்தக்கட்டி அடைத்திருந்தால், புடைத்த மேல்நரம்புதான் இரத்தத்துக்கு மாற்றுவழியாக இருக்கும். அதை மூடுவது காலுக்கே கேடாகலாம்.

அடுத்தது பெயர். மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தட்டினால், பதிவு உண்டா, இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் உண்டா என்று தெரியும். 'நிபுணர்' என்று சொல்லிக்கொள்பவர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்க வேண்டும்; மருத்துவச் சட்டத் திருத்தம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்ததிலிருந்து இது கட்டாயம். எந்தத் துறை நிபுணர் என்பதையும் பாருங்கள். இரத்தநாள அறுவை நிபுணரா, ஸ்கேன் வழிகாட்டுதலில் சிகிச்சை செய்யும் கதிரியக்க நிபுணரா? சுவரில் மாட்டிய குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

லேசரும் ரேடியோ அலையும் சிரைக்குள் குழாய் விட்டுச் சுட்டு மூடும். ரேடியோ அலை முறையில் சூடு 120 பாகை செல்சியஸ். சிரைக்குள் செலுத்தி அதை மூடும் நுரை மருந்து, பசை, பழைய அறுவை சிகிச்சை ஆகியவையும் உண்டு. எல்லாக் காலுக்கும் ஒரே கருவியைக் காட்டுபவரிடம், "எனக்கு ஏன் இது, மற்றது ஏன் வேண்டாம்?" என்று கேட்டுவிடுங்கள். இரத்தக்கட்டி வந்தால் யார் பார்ப்பார், மறுபடி எப்போது ஸ்கேன் என்பதையும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இரத்தம் தேங்காமல் காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையை நீங்களாகவே வாங்கி மாட்ட வேண்டாம். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளிக்குக் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி சுருங்கியிருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் உள்ள இரத்தமும் போகாது. பாத நாடியைப் பார்க்காமல் காலுறை எழுதித் தருபவர் அவசரப்படுகிறார்.

இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கே காலைக் காட்டி, தோல் கறுத்ததையும் புண் இருந்ததையும் மறைக்காமல் சொல்லி, ஈப்போ பெரிய மருத்துவமனை அறுவைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். முறை வரக் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்பு வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காயத்துக்கு மேலே, தொடைப் பக்கமாக, கயிறோ துணியோ இறுக்கிக் கட்டாதீர்கள். இது சிரை இரத்தம், மேலே கட்டினால் திரும்பும் வழி அடைபட்டு இன்னும் கொட்டும்.