நட்ட நாத்து பச்சை புடிக்கணும்: ஐலெட் சிகிச்சையில அந்த முதல் ரெண்டு வாரம்

போன வாரம் ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்ல அக்கா பொண்ணு கையில ஒட்டியிருக்கிற சென்சார் அலாரம் அடிக்குது, போன்ல பாத்தா சுகர் 48, அம்புக்குறி கீழ பாக்குது. எழுப்பினா "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா, தூங்க விடுங்க"ங்கிறா. நடுக்கம் இல்ல, வேர்வை இல்ல. அக்கா குளுக்கோஸ் கலக்கி குடிக்க வெச்சு, கால்மணி நேரம் கழிச்சு 71 காட்டினப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு. எட்டு வருஷமா டைப் 1 சர்க்கரை நோய் அவளுக்கு, சுகர் அடிக்கடி இறங்கி இறங்கி உடம்பு சிக்னல் குடுக்கிறதையே விட்டுடுச்சு.

காலையில தோசை சாப்டுக்கிட்டே கேட்டா, "கெட்டுப்போனது இன்சுலின் சுரக்கிற அந்த பீட்டா செல் மட்டும்தானே மாமா, அதை யார்கிட்டேருந்தாவது வாங்கி எனக்கு வைக்க முடியாதா?"

வைக்க முடியும், வைக்கவும் செய்றாங்க. ஆனா வெச்ச செல்லு பொழைக்கணுமே, அங்கதான் இத்தனை வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்காங்க.

கணையத்துக்குள்ள சின்னச் சின்ன திட்டா இந்த செல்கள் இருக்குன்னு 1869-ல பால் லாங்கர்ஹான்ஸ்னு ஒரு மருத்துவ மாணவர் கண்டுபிடிச்சு எழுதினார். ஐலெட்னு சொல்ற இந்தத் திட்டு ரவையை விட பொடிசு, சராசரியா 0.15 மில்லிமீட்டர், ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் ரெண்டாயிரம் செல் இருக்கும், அதுல இன்சுலின் சுரக்கிறதுதான் பீட்டா செல். மொத்த கணையத்துல இந்த ஐலெட்டுங்க நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், ஆனா கணையத்துக்கு வர்ற ரத்தத்துல பத்துலேந்து பதினஞ்சு சதவீதத்தை இழுத்துக்கும். அவ்வளவு ஆக்சிஜன் பசி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மத்த எல்லாமே இதுலேந்துதான் வருது.

இறந்துபோன டோனரோட கணையத்தை எடுத்து, கொலாஜனேஸ்ங்கிற என்சைமை ஏத்தி, சுத்தி இருக்கிற சதையை கரைச்சு, ஐலெட்டை மட்டும் பிரிச்சு, கல்லீரலுக்கு போற போர்ட்டல் வெயின்ல ட்ரிப்ஸ் மாதிரி இறக்குவாங்க, வயித்தை கிழிக்க வேண்டியதில்ல. கனடால எட்மன்டன்ல ஜேம்ஸ் ஷாப்பிரோ குழு 2000-ல இப்படி வெச்ச ஏழு பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தினாங்க, உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா, அங்க இந்த சிகிச்சை எடுத்தவங்கள்ல பத்துல ஒருத்தர்தான் ஊசி இல்லாம இருந்தாங்க. அதுக்காக வீணாப்போச்சுன்னு சொல்லமாட்டேன், ஏன்னா முக்காவாசி பேருக்கு மேல உடம்பு கொஞ்சமாவது சொந்தமா இன்சுலின் சுரந்துட்டு இருந்துச்சு, நடுராத்திரி 48-க்கு போறதை தடுக்க அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம்.

சரி, ஏன் சாகுது? எங்கம்மாவுக்கு மன்னார்குடி பக்கம். நாத்தங்கால்லேந்து பிடுங்கி நட்ட நாத்து முதல்ல மஞ்சளடிச்சு துவண்டு நிக்கும், புது வேர் விட்டு பச்சை புடிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஐலெட்டுக்கும் அதே கதைதான். சதையை கரைக்கிற என்சைம் அதோட ரத்தக்குழாயையும் அத்துடுது, அது ஒட்டிக்கிட்டிருந்த பிடிமானத்தையும் கரைச்சுடுது. புது ரத்தக்குழாய் முளைக்க ரெண்டு வாரம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் சுத்தி இருக்கிற ரத்தத்துலேந்து கசிஞ்சு வர்ற ஆக்சிஜன்தான். எலிகள்ல அளந்து பாத்தப்ப, கணையத்துல 40 மில்லிமீட்டர் பாதரசம் இருந்த ஆக்சிஜன் அழுத்தம் கல்லீரல்ல வெச்சப்புறம் 5, 10-ன்னு நிக்குது. பெரிய திட்டா இருந்தா நடுவுல இருக்கிற செல்லு முதல்ல மூச்சுத்திணறி செத்துடும்.

அதுக்கு முன்னாடியே இன்னொரு அடி விழுது. ஐலெட்டுங்க ரத்தத்துல நேரா இருக்கவேண்டிய பொருளே இல்ல, அதுங்க மேல டிஷ்யூ ஃபேக்டர்னு ஒரு புரதம் இருக்கு, ரத்தம் அதைப் பாத்ததும் காயம்னு நெனச்சு உடனே உறைய ஆரம்பிச்சுடும், தட்டணுக்கள் வந்து மூடிக்கும், வெள்ளணுக்கள் உள்ள பூந்துடும். இப்படியெல்லாம் சேர்ந்து வெச்சதுல பாதிக்கு மேல முதல் சில நாள்லயே போயிடுது. அதனாலதான் ஒருத்தருக்கு பலசமயம் ரெண்டு டோனர் கணையம் தேவைப்படுது. நம்ம நாட்டுல வருஷத்துக்கு பத்து லட்சம் பேருக்கு இறந்தபின் உறுப்பு குடுக்கிறவங்க ஒருத்தர்கூட தேறலைங்கிறப்ப, பாதி செல்லை முதல் வாரத்துலயே பறிகொடுக்கிறது எனக்கு தாங்கவே முடியல.

அதனால இறக்கும்போதே ஹெப்பாரின் சேர்க்கிறாங்க, ரத்தம் உறையாம இருக்க. அழற்சியை அடக்க எட்டனர்செப்ட்ங்கிற மருந்து குடுக்கிறாங்க. ரத்தக்குழாய் சீக்கிரம் முளைக்கட்டும்னு, வேற செல்லா மாறக்கூடிய ஸ்டெம் செல்லோட சேத்து வெச்சும் பாக்கிறாங்க, நாத்தோட கொஞ்சம் தாய்மண்ணையும் எடுத்து வைக்கிற மாதிரி, எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற வழி இது. 2022-ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஐலெட்டை ஐஸ் படிகம் உருவாகாம கண்ணாடி மாதிரி உறைய வெச்சு, மறுபடி சூடாக்கி, பெரும்பகுதியை உயிரோட எடுத்தாங்க. இது கைகூடினா பல டோனர்கள்லேந்து சேத்து வெச்சு ஒரே தடவையில குடுக்கலாம்.

செல்லு பத்தாததுக்கு வழியா ஸ்டெம் செல்லுலேந்தே ஐலெட் வளக்கிறாங்க, 2025-ல வந்த முடிவுல பன்னெண்டு பேர்ல பத்து பேர் ஒரு வருஷத்துல ஊசியை விட்டாங்க. ஆனா வெளியிலேந்து வெச்ச செல்லை உடம்பு தாக்காம இருக்க, நோய் எதிர்ப்பை அடக்குற மாத்திரை நிறுத்தாம சாப்பிடணும், அதுல டாக்ரோலிமஸ்ங்கிறது பீட்டா செல்லையே கொஞ்சம் கெடுக்கும்.

அதே 2025-ல ஸ்வீடன் உப்சாலால ஒருத்தருக்கு, எதிர்ப்பு செல்கள் கண்ணுல படாத மாதிரி ஜீனை மாத்தின டோனர் ஐலெட்டை முன்கை தசையில வெச்சாங்க, மாத்திரையே இல்லாம. பன்னெண்டு வாரம் கழிச்சும் அது உயிரோட இன்சுலின் சுரந்துச்சு. ரொம்ப குறைஞ்ச அளவுதான் வெச்சாங்க, அதனால அவர் ஊசி போட்டுட்டுத்தான் இருக்கார்.

இதெல்லாம் இப்போதைக்கு பெரியவங்களுக்குத்தான், இவளுக்கு இன்னும் பதினஞ்சுதான் ஆகுதுன்னு சொன்னேன். கேட்டுட்டு, "முன்கையில எந்த இடத்துல மாமா?"ன்னா. காட்டினேன்.