விட்ட நாளைச் சேர்த்துச் செய்யாதீர்கள்

இந்த மாதத்தில், பயிற்சி செய்து வலியோடு என்னிடம் வந்த நான்காவது முட்டி இது. நான்குக்கும் காரணம் ஒன்றே என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை கிளினிக்கைத் திறந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கினார் ஒரு கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், 61 வயது, மூட்டுத் தேய்மானம். தைப்பூசத்துக்குப் பழனியில் 693 படியையும் நடந்தே ஏற வேண்டும் என்று வேண்டுதல். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 60 தடவை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தார். அப்புறம் அண்ணன் மகள் கல்யாணம் வந்து ஐந்து நாளைத் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 360 தடவை செய்திருக்கிறார். பாக்கி 300, அன்றைய பங்கு 60. நோட்டில் கட்டம் போட்டு எல்லாவற்றிலும் டிக் அடித்துக் கொண்டுவந்து காட்டினார்.

"கணக்கு சரியாத்தானே இருக்கு தம்பி?"

கணக்கு சரிதான். முட்டி தொட்டால் சுடுகிறது, மடக்க வரவில்லை.

உடம்போடு நமக்கு இருப்பது சீட்டுக் கணக்கு இல்லை, தவணை தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்ட. ஐந்து நாள் குளிக்காதவர் ஆறாம் நாள் ஆறு தடவை குளிப்பாரா? மறந்துபோன பிரஷர் மாத்திரையையெல்லாம் ஒரே வாயில் போட யாருக்கும் துணிவு வராது. பயிற்சி என்றால் மட்டும் ஏன் வருகிறது? பகலில் கொஞ்சம் வேலை, ராத்திரி ஓய்வு என்று மாறி மாறி வந்தால்தான் தசை தேறும். 300 தடவையைச் சேர்த்துச் செய்துவிடலாம். நடுவில் இருக்க வேண்டிய ஐந்து ராத்திரியை எங்கே போய் வாங்குவது?

இன்னொரு ரகம் உண்டு. ஒரு நாள் விட்டதுமே, "தொடர்ச்சி போச்சு சார், இனி அடுத்த ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கிறேன்" என்பவர்கள். அந்த ஒண்ணாந்தேதி வருவதே இல்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, 12ஆம் நாள் தவறியதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த 21க்கு ஒரு கதை இருக்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது, ஆபரேஷனுக்குப் பிறகு மாறிய முகம் மனதுக்குப் பழக 'குறைந்தது' 21 நாள் ஆகிறது என்று. அந்தக் 'குறைந்தது' எங்கோ வழியில் விழுந்துவிட்டது. பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. அந்தப் போக்கை நீட்டிப் பார்த்ததில், ஒரு செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் படிய, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடுவாக 66. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய நஷ்டம் எதுவும் தெரியவில்லை. இதைத்தான் கத்திக் கத்திச் சொல்கிறேன்.

நாட்களை எண்ணுவதால் மட்டும் பழக்கம் வந்துவிடாது என்பதற்கு லண்டன் வரை போக வேண்டாம். மாலை போட்டு 41 நாள் சிகரெட்டைத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றே பற்றவைப்பதை நாம் பார்த்ததில்லையா? அவரைக் கட்டிப்போட்டது மாலை. அது போனதும் கட்டும் போயிற்று. அதனால்தான் பயிற்சியை, வீட்டில் எப்படியும் நடக்கும் ஒரு வேலையோடு கட்டச் சொல்கிறேன். ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கும் நேரம் போதும். அந்த நாற்காலி அடுப்படியிலேயே இருக்கட்டும், துண்டு அதன் மேலேயே கிடக்கட்டும். சைக்கிள் மெஷின் வாங்காதீர்கள், நான் பார்த்த வீடுகளில் பாதியில் அது துணி காயப்போடத்தான். மகனை ஞாபகப்படுத்தச் சொல்லாதீர்கள். பயிற்சியும் நடக்காது, சண்டைதான் மிஞ்சும்.

ஒரு நாள் விட்டதா? மறுநாள் அதே 60. ஒரு வாரமே போயிற்றா? பாதி எண்ணிக்கையில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். காய்ச்சல், பயணம் என்றால் ஐந்தே ஐந்து செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். செய்த வலி மறுநாள் காலையிலும் இருந்தால், அல்லது வீக்கம் தெரிந்தால், அளவு மீறிவிட்டது. 'பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்' என்று பெருமையாக என்னிடம் வந்து சொல்லாதீர்கள், தயவுசெய்து. (என் கழுத்து வலிக்கு நானே எழுதிக்கொண்ட பயிற்சியை இரண்டு வருடம் செய்யாதவன்தான் நானும். பல் தேய்க்கும் கண்ணாடிக்கு முன்னால் வைத்த பிறகே நடக்கிறது.)

டீச்சருக்கு ஒரு வாரம் ஐஸ் ஒத்தடம், ஓய்வு. தைப்பூசம் இந்த வருடம் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. சித்திரை தாண்டி, கூட்டமில்லாத ஒரு நாளில் படியேறிப் பார்க்கலாம், ஆனால் இறங்கும்போது விஞ்ச்சில்தான், இறக்கம்தான் முட்டியை அதிகம் படுத்தும் என்றேன். யோசித்துவிட்டு, முருகன் ஒத்துக்கொள்வார் என்றார்.

நோட்டை வாங்கி அந்த ஐந்து கட்டத்து டிக்கையும் அழிக்கச் சொன்னேன். பேனாவில் போட்டது, அழியாது என்றார். சரி, அடித்துவிடுங்கள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்தையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.